பெயர் எழுத முடியாத கடன்

கடன் என்றால் என்னவென்று வியாபாரிகளாகிய நமக்கு எவரும் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. கொடுத்தவர் பெயர், வாங்கியவர் பெயர், தொகை, தேதி. இந்த நான்கும் இருந்தால் அது கடன். புத்தகத்தில் பற்று ஏறிவிட்டால், வாங்கியவர் மௌத்தாகி விட்டாலும் வாரிசுகள் அடைத்தே தீரவேண்டும். மையித்துக்குக் கடன் பாக்கி இருந்தால் வந்து சொல்லும்படி ஜனாஸாவின்போது அறிவிப்பதை நாம் யாவரும் கேட்டிருக்கிறோம். ஆனால், இந்த நான்கில் ஒன்றுகூடத் தெரியாத கடன் ஒன்று இருக்க முடியுமா? வாங்கியவன் நானே என்பது எனக்குத் தெரியாது. யாருக்குக் கொடுக்க வேண்டும் என்பதும் தெரியாது. எவ்வளவு என்பதும் எப்போது ஏற்பட்டது என்பதும் தெரியாது. அப்படிப்பட்ட ஒன்றைக் கடன் என்று சொல்லுவது நியாயமா? அதற்காக ஒருவன் நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டியிருக்குமா?

இது அஸர் தொழுதுவிட்டுப் பள்ளித் திண்ணையில் பொழுது போக்குவதற்காகப் பேசும் கேள்வியன்று. லாபிஸ் கடைத்தெருவில், நம்முடைய கடைகளின் பின்புறத்திலே, மழை பெய்து ஓய்ந்த ஒவ்வொரு வாரமும் எழுந்து நிற்கும் கேள்வி. நான் சொல்ல வந்தது டிங்கிக் காய்ச்சலைப் பற்றி.

கடையின் முன்புறத்தை நாம் எல்லோருக்கும் காட்டுகிறோம். அஞ்சடியைக் கூட்டுகிறோம், கண்ணாடியைத் துடைக்கிறோம். பின்புறம் எப்படியிருக்கும் என்பது நமக்கும் பூனைக்கும் மாத்திரம் தெரியும். காலியான எண்ணெய்த் தகரங்கள், எந்த லோரியுடையது என்று தெரியாத ஒரு பழைய டயர், சரக்கு மூடிய கித்தான், அதன் மடிப்பிலே ஒரு கையளவு தண்ணீர். அண்ணாந்து பார்த்தால், இலைதழை அடைத்துக்கொண்டு நிற்கும் கூரைப் பீலி. சாப்பாட்டுக் கடையாயிருந்தால், ஐஸ்பெட்டிக்கு அடியில் நீர் வடியும் தட்டு. இவற்றில் ஒன்றையும் குளம் என்று எவரும் சொல்லமாட்டார். ஆனால் ஏடிஸ் கொசுவுக்கு ஒரு மூடியளவு தண்ணீர் போதும். சாக்கடைத் தண்ணீர் அதற்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை, தெளிந்த நீரே வேண்டும். அது தன் முட்டைகளைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, பாத்திரத்தின் உட்சுவரில் ஒட்டிவைக்கிறது. தண்ணீர் வற்றினாலும் அம்முட்டைகள் பல மாதங்கள் உயிரோடிருந்து, அடுத்த மழையில் பொரிக்கும். தண்ணீரைக் கவிழ்த்தால் மட்டும் போதாது, உட்புறத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும் என்று சுகாதார இலாகாவினர் வற்புறுத்துவதற்குக் காரணம் இதுதான். நம் ஊரைச் சுற்றியுள்ள ரப்பர்த் தோட்டங்களிலே, மரத்தோடு கட்டிய பால் மங்குகளில் மழைநீர் தேங்கினால் அதே இனத்தைச் சேர்ந்த இன்னொரு கொசு வளர்கிறது. அதுவும் இதே நோயைப் பரப்பும்.

இனி நாட்களைக் கூட்டிப் பார்ப்போம். தண்ணீர் தேங்கிய நாளிலிருந்து முட்டை புழுவாகிக் கொசுவாகிப் பறப்பதற்கு 7 முதல் 10 நாட்கள் பிடிக்கும். பறந்த உடனே அது நோய் கொடுப்பதில்லை. டிங்கி கண்ட ஒருவரை அது முதலில் கடிக்க வேண்டும். அவருடைய இரத்தத்திலிருந்து ஏறிய கிருமி கொசுவின் உடம்பிலே பெருகி உமிழ்நீருக்கு வந்து சேர 8 முதல் 12 நாட்கள். அதன்பின் அது கடித்த ஆளுக்குக் காய்ச்சல் காண இன்னும் 4 முதல் 10 நாட்கள். ஆகக் கூடி, தகரத்தில் தண்ணீர் நின்ற நாளுக்கும் ஒரு பிள்ளை படுக்கையில் விழும் நாளுக்கும் நடுவே, மிகக் குறைத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய மூன்று வாரம் ஓடிப்போகிறது. சிலவேளை ஐந்து வாரமும் ஆகும். அதற்குள் அந்தத் தகரத்தைப் பழைய இரும்புக்காரர் கொண்டுபோயிருப்பார். அந்தக் கொசுவும் பெரும்பாலும் செத்திருக்கும். பிறந்த இடத்திலிருந்து 400 மீட்டருக்கு உள்ளாகவே அது சுற்றித் திரியும் என்கிறார்கள். நம் கடைத்தெருவிலே 400 மீட்டருக்குள் எத்தனை கடை, எத்தனை வீடு, எத்தனை பிள்ளைகள் என்று எண்ணிப் பாருங்கள். ஒரு வயிறு நிரம்புவதற்குள் பலரைக் கடிப்பது அதன் வழக்கம். இதில் எந்தப் பிள்ளையின் காய்ச்சல் எந்தக் கடையின் தகரத்திலிருந்து வந்தது என்று யார் சொல்ல முடியும்? உலகத்திலுள்ள எந்தக் கணக்கப்பிள்ளையாலும் இந்தப் பற்றை எழுத முடியாது.

எழுதவே முடியாது என்பது ஒருபுறமிருக்க, தொகையையும் குறிக்க முடியாது. டிங்கிக் கிருமியில் நான்கு வகைகள் உண்டு. ஒரு வகை ஒருமுறை வந்து போனவருக்கு வேறொரு வகை பின்னர் வருமாயின், நோய் கடுமையாகும் அபாயம் அதிகம். ஆகவே ஒரே தகரம், ஒரே அசட்டை, ஒரே கொசு. மேல்வீட்டுப் பையன் ஐந்து நாளில் எழுந்து பள்ளிக்கூடம் போகிறான். கீழ்வீட்டுப் பெண்ணோ உயிர் பிழைப்பதில்லை. தகரத்தை விட்டுவைத்த மனிதரின் குற்றம் முதல் வீட்டுக்குச் சிறியதாகவும் இரண்டாவது வீட்டுக்குப் பெரியதாகவும் ஆகிவிடுமா? அவர் செய்தது, அல்லது செய்யாமல் விட்டது, ஒன்றேதான். விளைவைக் கொண்டே குற்றத்தை அளப்போமானால், ஒரு மனிதரின் நல்லது கெட்டது முழுவதையும் கொசுவின் கையிலே ஒப்படைத்தவர்களாவோம். செயலைத்தான் அளக்க வேண்டும் என்பது என் அபிப்பிராயம். அப்படி அளந்தால், கீழ்வீட்டில் மையித்து விழாத வருஷத்திலும் அந்த மனிதர் அதே நிலையில்தான் இருக்கிறார். அவருடைய அதிர்ஷ்டம் மாத்திரம் வேறு.

இந்த நோய் நம் நாட்டுக்குப் புதிதன்று. டிங்கியைப் பற்றிய முதற்குறிப்பு 1902-ல் பினாங்கிலிருந்து வந்தது. இரத்தக் கசிவோடு கூடிய கடுமையான வகை முதன்முதல் கண்டறியப்பட்டதும் பினாங்கிலேதான், 1962-ல். அக்காலத்தில் அது துறைமுக நகரத்து வியாதி என்றிருந்தது. இன்று நாடு முழுவதும் பரவி நிற்கிறது. 2015-ல் மலேசியாவில் 120,836 பேரைப் பிடித்து 336 பேரைக் கொண்டுபோயிற்று. 2019-ல் பிடித்தது 130,101 பேரை, மாண்டவர் 182 பேர். 2023-ல் 123,133 பேருக்குக் கண்டு 100 பேர் மாண்டனர். அந்த 100 பேரின் வீட்டாரிலே ஒருவர்கூட, இன்னாருடைய கொல்லையிலிருந்து வந்த கொசு என்று விரல் நீட்டியிருக்க முடியாது. நூறு ஜனாஸாக்கள், குற்றவாளி ஒருவரும் இல்லை!

நமக்குள் பலர் மனத்திலே இருக்கும் ஒரு பதிலை இங்கே மறைக்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். "தெரு முழுக்கத் தகரமும் டயரும் கிடக்கிறது. நான் ஒருவன் என் கொல்லையைத் துப்புரவாக வைத்தால் ஊரில் கொசு ஒழிந்துவிடுமா? நான் வைக்காவிட்டால் ஒரு கொசுவாவது கூடிவிடுமா?" இது சோம்பேறித்தனமான பதில் என்று தள்ளிவிடுவது சுலபம். ஆனால் இதிலே ஒரு கணக்கு இருக்கிறது. அந்தக் கணக்குக்குக் கணக்காலேயே பதில் சொல்ல வேண்டும்.

திருக்குர்ஆனின் 83-வது அத்தியாயம் யாரைப் பற்றி இறங்கியது என்பது தராசு பிடிக்கும் நமக்கு நன்றாகத் தெரியும். அளவையில் மோசம் செய்வோரைப் பற்றியது அது. அளவையில் மோசம் செய்கிற வியாபாரி எந்த ஒரு வாடிக்கைக்காரரையும் ஏழையாக்கி விடுவதில்லை. ஒரு கிலோ அரிசியில் ஒரு பிடி குறைந்தால் எந்தக் குடும்பமும் பட்டினி கிடக்காது. வாங்கியவருக்கே அது தெரியாது. அவர் முறையிடவும் போவதில்லை. "தெருவிலே எல்லோரும் இப்படித்தான் நிறுக்கிறார்கள்" என்றும் சொல்லிவிடலாம். மேலே சொன்ன வாதத்தின் ஒவ்வொரு வரியும் அந்தக் கள்ளத் தராசுக்காரருக்கும் அப்படியே பொருந்துகிறது. ஆயினும் அவர் குற்றவாளியென்பதில் நமக்குள் இரண்டு கருத்துக் கிடையாது. சிறியது என்பதாலும், பலருக்குப் பிரிந்து போயிற்று என்பதாலும், பாதிக்கப்பட்டவருக்குத் தெரியாது என்பதாலும் ஒரு தீங்கு தீங்கல்லாமல் போய்விடாது என்று தராசு விஷயத்திலே ஒப்புக்கொள்ளும் நாம், தகரம் விஷயத்திலே எப்படி மறுக்க முடியும்?

இன்னும் ஒருபடி மேலே போனால், தராசுக்காரருக்குள்ள வழி தகரக்காரருக்கு இல்லை. மனிதர்களுடைய ஹக்கை அந்த மனிதரே மன்னித்தாலன்றித் தீராது என்பது நம் மார்க்கத்தின் விதி. அளவில் மோசம் செய்தவர் பிற்காலத்தில் மனந்திருந்தி, உரியவர்கள் யாரென்று தெரியாமல் தவித்தால், அந்தத் தொகையை அவர்கள் பெயரால் ஏழைகளுக்குத் தர்மம் செய்துவிடும்படி உலமாக்கள் வழிகாட்டியிருக்கிறார்கள். பொருளுக்கு அது சரியாகும். ஒரு பிள்ளையின் பத்து நாள் காய்ச்சலை எந்தப் பெயரால் யாருக்குத் தர்மம் செய்வது? மன்னிப்புக் கேட்பதாயினும் எந்த வீட்டு வாசலில் போய் நிற்பது? பின்னால் அடைக்க வழியே இல்லாத கடன் இது. அடைப்பதானால், ஏற்படுவதற்கு முன்பாகவே அடைத்துவிட வேண்டும். தகரத்தைக் கவிழ்ப்பதுதான் அந்த அடைப்பு. நான் கண்டவரையில் வேறு வழியில்லை.

சட்டம் என்ன சொல்லுகிறது என்று கேட்கலாம். ஜொகூரிலே இதற்கு ஒரு பழைய சரித்திரம் உண்டு. துருக்கி உதுமானிய ராஜ்யத்தில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத்தொகுப்பை மலாயில் பெயர்த்து, 1913-ல் 'மஜல்லா அஹ்காம் ஜொகூர்' என்று இங்கே வெளியிட்டார்கள். அந்த மஜல்லாவில் கிணறு வெட்டுவதைப் பற்றி ஒரு விதி இருக்கிறது. ஒருவன் அதிகாரியின் அனுமதியின்றிப் பொதுப்பாதையில் கிணறு வெட்டி, அதிலே பிறருடைய கால்நடை விழுந்து மாண்டால், வெட்டியவன் ஈடு கொடுக்க வேண்டும். தன் சொந்த நிலத்துக்குள் வெட்டிய கிணற்றில் விழுந்தால் ஈடு இல்லை. மிகவும் நியாயமான விதி. என் வேலிக்குள் நான் வெட்டிய கிணறு என் வேலிக்குள்ளேயே இருக்கிறது. பிறருடைய மாடு தானாக உள்ளே வந்து விழுந்ததற்கு நான் என்ன செய்வேன்?

ஆனால், வேலியைத் தாண்டி வெளியே நடந்துபோய், தெருவில் போகிறவனைத் தேடிப் பிடித்து விழுங்குகிற கிணறு ஒன்றை ஒருவன் வெட்டினால்? அப்படியொரு கிணறு பழைய சட்டகாரர்களின் கற்பனைக்கு எட்டவில்லை. கொசு இந்த நோயைப் பரப்புகிறது என்பதே அக்காலத்தில் தெரியாது. புழு நெளியும் தகரம் அப்படிப்பட்ட கிணறுதான். அது என் கொல்லையில் இருப்பது உண்மை. அதன் ஆழம் மட்டும் 400 மீட்டர் தூரத்துக்கு அலைகிறது. ஆகவே "என் கொல்லை, என் தகரம், உனக்கென்ன?" என்ற பேச்சுக்கு அந்த விதி துணை நிற்காது. மாறாக, பொதுத் தீங்கைத் தடுப்பதற்காகத் தனிப்பட்ட நஷ்டத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்று அதே மஜல்லாவின் முற்பகுதியில் வரும் பொதுவிதிதான் நம்மைப் பார்த்துப் பேசுகிறது.

மலேசியாவில் நோய் பரப்பும் பூச்சிகளை அழிப்பதற்கான சட்டம் 1975-ல் வந்தது. அதிலே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். நோயாளி எவரும் வந்து முறையிட வேண்டியதில்லை. இன்னாருக்கு இன்னாரால் வந்தது என்று நிரூபிக்க வேண்டியதுமில்லை. இடத்திலே கொசுப்புழு இருந்தால் அதுவே குற்றம். இதைப் பற்றி நம்மவர்கள் முணுமுணுப்பதைக் கேட்டிருக்கிறேன். யாருக்கும் ஒன்றும் ஆகாதபோது அபராதமா என்கிறார்கள். நான் நினைப்பது வேறு. பெயர் எழுத முடியாத கடனுக்கு உரியவரைத் தேடி அலையாமல், கடன் பிறக்கும் இடத்திலேயே அதைப் பிடிக்க ஒரு வழியைச் சட்டம் கண்டுபிடித்திருக்கிறது. அபராதம் கட்டியவர் அதோடு கணக்குத் தீர்ந்ததாக எண்ணிக்கொண்டால், அதுதான் தவறு. சர்க்காருக்குக் கட்டியது சர்க்காரின் கணக்கில் போயிற்று. அண்டை வீட்டாரின் கணக்கில் ஒன்றும் வரவாகவில்லை. புகை அடித்துவிட்டுப் போனார்களே என்பதும் அப்படியே. புகை பறக்கும் கொசுவைக் கொல்லும், தண்ணீருக்குள்ளிருக்கும் புழுவைத் தொடாது.

தக்தீர் என்று ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டுப் போகிறவர்களுக்காகக் கொஞ்சம் நிற்க வேண்டியிருக்கிறது. ஷாம் தேசத்தில் அம்வாஸ் என்னுமிடத்தில் தொடங்கிய கொள்ளைநோய் பரவியிருந்த காலத்தில், கலீபா உமர் (ரலி) அவர்கள் அத்தேசத்தை நோக்கிப் புறப்பட்டு, ஸர்க் என்னும் எல்லைவரை வந்தார்கள். நோயைப் பற்றிக் கேள்விப்பட்டுப் பலரிடமும் ஆலோசனை கேட்டபின், திரும்பிவிடுவதென்று முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூ உபைதா (ரலி) கேட்டதற்கு, அவனுடைய ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்கே போவதாக உமர் (ரலி) அவர்கள் விடையளித்த வரலாறு யாவருக்கும் தெரிந்ததே. பள்ளத்தாக்கின் ஒரு பக்கம் பசும்புல், மறுபக்கம் வறண்ட தரை. ஒட்டகத்தை எந்தப் பக்கம் மேய்த்தாலும் அது விதிப்படிதான் என்று அவர்களே உவமையும் சொன்னார்கள். கேள்வி கேட்டவர் சாதாரண மனிதரல்லர், சொர்க்கத்து நற்செய்தி பெற்ற பதின்மரில் ஒருவர். பின்னர் அதே நோயிலே அவர் ஷஹீதானார். ஆகவே தவக்குல் உள்ளவர் யார், இல்லாதவர் யார் என்று நாம் தீர்ப்புச் சொல்ல இடமில்லை. ஒன்று மட்டும் சொல்லலாம். அபூ உபைதா (ரலி) அவர்கள் தம்முடைய உயிரை விதியிடம் ஒப்படைத்தார்கள். கொல்லையில் தகரத்தைப் போட்டுவிட்டுத் தக்தீர் பேசுகிறவர் ஒப்படைப்பது அடுத்த வீட்டுப் பிள்ளையின் உயிரை. அதற்கு அவருக்கு யார் உரிமை கொடுத்தது?

இதுவரை பேசியது கொல்லைப்புறத்தை. கடையின் முன்புறத்திலும், கல்லாவுக்கு எதிரிலே, இதே கடன் வந்து நிற்கிறது. தோட்டத்திலிருந்து ஓர் அம்மா வருகிறார். "பாய், காய்ச்சல் மாத்திரை ஓர் அட்டை குடுங்க." மூன்று நாளைக்கு முன்பும் வாங்கிப் போனவர். மகனுக்குக் காய்ச்சல் விடவில்லை. கிளினிக்குக்குத் தெரியும் முன்பே கடைக்காரருக்குத் தெரிந்துவிடுகிறது! ஒரு ரிங்கிட்டோ இரண்டு ரிங்கிட்டோ வாங்கிக்கொண்டு அட்டையைக் கொடுத்துவிட்டால், வியாபாரம் முறைப்படி நடந்தது. ஒருவரும் குறை சொல்ல முடியாது. ஆனால் தெரிந்துகொண்டவனுக்கும் தெரியாதவனுக்கும் ஒரே கடமைதானா? "அக்கா, மூணு நாளாச்சுன்னா இனிமே மாத்திரை போதாது, இன்னைக்கே கிளினிக்குக்குக் கூட்டிட்டுப் போய் ரத்தம் பார்த்திடுங்க" என்று சொல்ல அரை நிமிஷம் பிடிக்கும். காய்ச்சலுக்குப் பாரசெட்டமோல் தரலாம். ஆஸ்பிரினும் ஐபுபுரோபனும் இரத்தக் கசிவைக் கூட்டும், டிங்கி சந்தேகமிருந்தால் கொடுக்கவே கூடாது. இதையும் சேர்த்துச் சொல்லிவிடலாம்.

இன்னொன்றை எல்லாக் குடும்பங்களும் அறிந்திருக்க வேண்டும். டிங்கியிலே காய்ச்சல் விடுகிற நாள்தான் மிகவும் பயப்பட வேண்டிய நாள். மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் சூடு தணியும்போது, தாய்மார் "அல்ஹம்து லில்லாஹ், விட்டுவிட்டது" என்று நிம்மதியடைந்து கவனத்தைத் தளர்த்துகிறார்கள். அந்த நேரத்திலேதான் கடுமையான வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், கைகால் சில்லிடுதல், பிள்ளை துவண்டு கிடத்தல் ஆகியவை வரக்கூடும். இவற்றில் ஒன்று கண்டாலும் காத்திருக்காமல் எடுத்துப் போக வேண்டும். லாபிஸ் அரசாங்க கிளினிக் அருகில் இருக்கிறது. படுக்க வைக்க வேண்டுமென்றால் சிகாமட் ஆஸ்பத்திரி சுமார் 30 கிலோமீட்டர். கடைக்கு ஒரு வேன் இருக்கிறதே, அதைவிட அவசரமான சரக்கு என்ன இருக்கிறது?

நாட்டுப் பிரஜைகளுக்குக் கிளினிக்கில் ஒரு ரிங்கிட்டோடு வேலை முடிகிறது. நம் கடை மாடியில் படுத்திருக்கும் ஊர்ப் பையன்களுக்கு அப்படியல்ல. வெளிநாட்டவர் கட்டணம் பல மடங்கு. ஆகையால் அவர்கள் காய்ச்சலை முதலாளியிடம் சொல்லாமல் மறைத்து, போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கிடக்கிறார்கள். கொசு அவர்களைக் கடித்துவிட்டுக் கீழே இறங்கி வருகிறது. கட்டணத்தை முதலாளி கொடுக்க வேண்டும் என்பதிலே தர்மம் ஒன்றுமில்லை, தன் பிள்ளைகளைக் காப்பாற்றிக் கொள்ளும் செலவு அது என்று வைத்துக்கொண்டாலும் போதும்.

டிங்கி என்று தெரிந்ததும் வைத்தியர் 24 மணி நேரத்துக்குள் சுகாதார அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டுமென்பது 1988-ஆம் ஆண்டுத் தொற்றுநோய்ச் சட்டப்படியான கட்டாயம். பின்னர் ஆட்கள் வந்து அக்கம்பக்கமெல்லாம் புழு தேடுவார்கள். இதை நம் வீட்டாரில் சிலர் ஒரு மானக்கேடாக நினைத்து, கிளினிக்குக்குப் போவதையே தள்ளிப் போடுகிறார்கள். காய்ச்சல் வந்த வீட்டில்தான் கொசு பிறந்தது என்று எந்த வைத்தியரும் சொல்லவில்லை. அந்த வீட்டாரைக் கேட்டால், கடன் கொடுத்தவர்கள் என்றே நான் சொல்லுவேன். தெருவெல்லாம் விட்டுவைத்த தகரத்தின் பாக்கி அவர்கள் வாசலில் வந்து விழுந்திருக்கிறது.

2006 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் சிகாமட் மாவட்டத்தில் புகுந்த வெள்ளத்தை நாம் மறக்கவில்லை. வெள்ளம் வடிந்தபின் தூக்கியெறிந்த பாத்திரமும் பெட்டியும் குவியலாகக் கிடந்தால், அடுத்த மழையில் அவ்வளவும் தொட்டியாகும். அந்தச் சமயத்தில் எல்லோரும் சேர்ந்து அள்ளினால் தீருகிற வேலை. மற்ற நாட்களுக்கு இவ்வளவு சிரமமில்லை. முட்டை கொசுவாவதற்கு 7 நாளாவது வேண்டுமென்று மேலே பார்த்தோம். அப்படியானால் வாரத்தில் ஒரு நாள், ஒரு தடவை போதும். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக எப்படியும் கடை சாத்துகிறோம். அரைமணி முன்னதாகச் சாத்தினால் தகரம், தட்டு, கித்தான் எல்லாவற்றையும் கவிழ்த்துத் தேய்த்துவிட்டுக் குளித்துப் பள்ளிக்குப் போகலாம். மேலே பீலியைத் துடைக்க ஏணி வைக்கும்போது பக்கத்துக் கடைச் சீனருக்கும் ஒரு குரல் கொடுத்துவிட வேண்டும். பீலி இரண்டு கடைக்கும் பொதுவாகத்தான் ஓடுகிறது.